நாங்கக்கா

மூன்று வருஷத்துக்கு முன்னால், நீரெலிகள் அணி எங்கள் ஊர் அரங்கில் ஆடிய முதல் ஆட்டத்தின் நான்காவது நிமிஷத்தில், நோரீன் ஹென்ஹாக் மைக்கில் ஒரு சொல்லை மாற்றிச் சொல்லிவிட்டாள். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர்தான் நாங்கக்கா.

இங்கிலீஷ்காரர்களுக்கு இந்தச் சங்கடம் புரியாது. அவர்களிடம் இருப்பது ஒரே ஒரு ‘வீ’. அதற்குள் எதிரில் நிற்பவன் உண்டா இல்லையா என்பதை அவனே யூகித்துக்கொள்ள வேண்டும். எங்கள் பூர்வகுடியின் மோஹாக் மொழி அப்படியில்லை. இந்த விஷயத்தில் அதுவும் தமிழும் ஒரே கட்சி. கேட்கிறவரையும் சேர்த்தால் நாம். அவரை விட்டுவிட்டால் நாங்கள். வீட்டுக்கு வந்தவரிடம் ‘நாங்கள் சாப்பிடப் போகிறோம்’ என்று சொல்லிவிட்டு உள்ளே போனால் என்ன ஆகும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நம் அணி கோல் போட்டால் அறிவிப்பாளர் சொல்ல வேண்டியது, ‘நாம் போட்டுவிட்டோம்’. நோரீன் சொன்னது, ‘நாங்கள் போட்டுவிட்டோம்’. போதாக்குறைக்கு, அந்தக் கோலைப் போட்டவன் அவள் பெற்ற மகன் ட்ரேவர். இருபத்தோரு வயது, முதல் ஆட்டம், முதல் கோல். பெற்றவளுக்கு நாக்குக் குழறாமல் என்ன செய்யும்?

அரங்கில் இரண்டாயிரத்தைந்நூறு பேர் இருந்தார்கள். மொழி தெரிந்த நூறு பேர் முதலில் சிரித்தார்கள். தெரியாதவர்கள் பக்கத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டு பிறகு சிரித்தார்கள். சிரிப்பு அரங்கை ஒரு சுற்றுச் சுற்றி வந்து முன்வரிசையில் எல்ராய் ஜெனரலிடம் நின்றது. அவர் கையை வாயருகே குவித்துக்கொண்டு மோஹாக்கில் கேட்டார்.

“நீயும் உன் மகனும் மட்டும்தானாம்மா போட்டீங்க? அப்ப நாங்கல்லாம் யாரு, சூப் குடிக்க வந்தவங்களா?”

எல்ராய்க்குப் பெயர்தான் ஜெனரல்; பட்டாளத்தின் வாசலைக்கூட மிதித்ததில்லை. முப்பது வருஷம் நியூயார்க்கிலும் டெட்ராய்ட்டிலும் இரும்பு உத்தரங்களின் மேல் நடந்து கட்டடம் எழுப்பியவர். இப்போது எழுபத்தெட்டு வயது. பிறந்தது முதல் மோஹாக்கையே பேசி வளர்ந்தவர்கள் ஊரில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் மிச்சம். அவர்களில் அவர் ஒருவர் என்கிற திமிர் அவரிடம் தாராளமாக இருந்தது. வலை கட்டிய கழியால் பந்தை ஏந்தி எறிகிற இந்த லக்ராஸ், படைத்தவன் கொடுத்த ஆட்டம், அவன் மேலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறான், அவன் காதில் தப்பும் தவறுமாக எதுவும் விழக்கூடாது என்பது அவர் கட்சி. நோரீன் மைக்கில் சொல்லும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்வரிசையிலிருந்து தீர்ப்பு வரும். இருவரும் தாய்வழியில் ஆமைக் குலம் என்பதால் அவள் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவாள். மனசுக்குள் வேறு சில பெயர்களும் வைத்திருந்தாள்.

அவள் மொழி கற்றுக்கொண்டதற்குக் காரணமும் அந்த மனிதர்தான். அதற்குத் தண்ணீர் லாரிக் கதையைச் சொல்ல வேண்டும்.

கனடாவின் கிராண்ட் ஆற்றங்கரையில் இருந்தாலும் எங்கள் பக்கம் நிறைய வீடுகளுக்குக் குழாய்த் தண்ணீர் கிடையாது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தொட்டி. காலியானால் தண்ணீர் லாரிக்காரர்களுக்குப் போன் போட வேண்டும். அந்தப் போனை எடுப்பவள் நோரீன். யார், எண்ணிட்ட லைன் சாலைகளில் எது, எத்தனை மணிக்கு என்று கேட்டு எழுதி லாரியை அனுப்புவது அவள் வேலை. அவள் பிறந்து வளர்ந்தது ஆற்றங்கரையில் இல்லை, எல்லைக்கு அந்தப் பக்கம் அமெரிக்காவின் பஃபலோ நகரத்தில். புருஷன் விட்டுப்போன பிறகு, இருபத்தொன்பது வயதில், ஐந்து வயது ட்ரேவரைக் கையில் பிடித்துக்கொண்டு அம்மாவின் ஊருக்கு வந்தாள். வந்த ஆறாவது வாரம் இந்த வேலை கிடைத்தது. அவளுக்குத் தெரிந்தது இங்கிலீஷ் மட்டும்.

எல்ராய் வேண்டுமென்றே மோஹாக்கில்தான் போன் பண்ணுவார். பல வருஷங்கள் எப்படியோ ஊகித்துச் சமாளித்தாள். ஒரு ஜூலை மாதம் அவர் சொன்ன எண் மூன்றா ஐந்தா என்று தெரியாமல் ஐந்தாம் லைனுக்கு லாரியை அனுப்பிவிட்டாள். அங்கே இருந்த வீட்டில் தொட்டி ஏற்கெனவே நிறைந்திருந்தது. வீட்டுக்காரர்கள் வெளியே போயிருந்தார்கள். நிலவறையில் முழங்கால் ஆழத்துக்குத் தண்ணீர். மூன்றாம் லைனில் எல்ராய் இரண்டு நாள் குளிக்கவில்லை. மூன்றாம் நாள் குளிக்காத அந்த உடம்போடு அலுவலகத்துக்கு வந்து, மேசைக்கு ரொம்பக் கிட்டே நின்றுகொண்டு, அவளுக்குப் புரியட்டும் என்று இங்கிலீஷில் சொன்னார்.

“நான் பேசுறது உங்கம்மா வீட்டு மொழி. எனக்காக நீ கத்துக்க வேணாம். லாரிக்காகவாவது கத்துக்க.”

அந்த இலையுதிர்காலத்தில் நோரீன் பெரியவர்களுக்கான மொழிப் பள்ளியில் சேர்ந்தாள். நாற்பத்தொரு வயது. இரண்டு வருஷம், தினமும் ஆறு மணி நேரம். லாரி வேலை சனிக்கிழமைக்கு மட்டும் என்று சுருங்கியது. குளிர்சாதனப் பெட்டி, கதவு, கழிப்பறை என்று கண்ட இடமெல்லாம் சொற்களை எழுதி ஒட்டினாள். நான் உனக்கு, நீ எனக்கு, நாம் அவனுக்கு, நாங்கள் அவளுக்கு என்று ஒவ்வொரு வினைச்சொல்லின் முன்னாலும் ஒன்று வந்து உட்காரும். அத்தனையையும் அடுப்படியில் நின்று ஒப்பிப்பாள். பதினேழு வயது ட்ரேவர் சாப்பிட்டுக்கொண்டே ஒவ்வொன்றையும் வேண்டுமென்றே மாற்றிச் சொல்லி அவளைக் கலைப்பான். தலையில் குட்டு வாங்குவான். அந்த இரண்டு வருஷம்தான் அந்த வீட்டில் அதிகமாகச் சிரிப்புக் கேட்ட காலம் என்று அவள் பின்னால் நினைத்துக்கொள்வாள்.

பிறகு அணி வந்தது. பெரிய நகரங்களின் அணிகள் ஆடும் தொழில்முறை லீக்கில் எங்கள் ஊருக்கென்று ஓர் அணி. ஹாக்கி அரங்கில் பனிமேல் பலகை போட்டுப் பச்சைக் கம்பளம் விரித்து, சுவருக்குள் பெட்டிபோல் அடைத்து ஆடுகிற லக்ராஸ். இதை எங்கள் ஆட்களைவிட நன்றாக ஆடுகிறவர்கள் இருந்தால் காட்டுங்கள். பெயர், நீரெலிகள். ஆதியில் வெள்ளத்துக்கு அடியில் மூழ்கி ஒரு பிடி மண் எடுத்து வந்து ஆமை முதுகில் வைத்ததே, அந்த நீரெலி. வெளியூர் ரசிகர்கள் பெருச்சாளி என்று கத்துவார்கள். அவர்கள் நின்று கத்துகிற தரையே அது கொண்டுவந்த மண் என்பது அவர்களுக்கு எங்கே தெரியும்?

அணி மேலாளர் கர்ட் மார்ட்டின், அரங்கில் மோஹாக்கில் அறிவிக்க ஒரு குரல் தேடினார். ஊரில் எல்லா வீட்டுக்கும் தெரிந்த குரல் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. நோரீன் மைக்கைப் பிடித்தாள், முதல் நாளே உளறினாள், நாங்கக்கா ஆனாள். பெட்ரோல் பங்கில், அஞ்சலகத்தில், “என்ன நாங்கக்கா, உங்களுக்கு மட்டும்தான் பனி பெய்யுதா?” என்பார்கள். போனில், “நாங்கக்கா, எங்களுக்கும் கொஞ்சம் தண்ணி அனுப்புங்க” என்பார்கள். அவளும் சிரித்துக்கொள்வாள். எங்கள் ஊரில் கிண்டல் பண்ணாமல் மரியாதையாகப் பேசினால்தான் கவலைப்பட வேண்டும். அது வெளியாளுக்குக் கொடுக்கிற உபசாரம். பதினாறு வருஷமாக அவளிடம் அந்த மரியாதை காட்டியவர்கள், ஒரு சொல் பிசகிய பிறகுதான் அவளை இஷ்டத்துக்குச் சீண்ட ஆரம்பித்தார்கள். மைக்கை அவள் விடாமல் பிடித்துக்கொண்டதற்கு அதுவும் ஒரு காரணம். பஃபலோக்காரி என்ற பேச்சு, அதற்கப்புறம் யார் வாயிலும் வரவில்லை.

இரண்டு வருஷம் நன்றாகத்தான் போனது. மூன்றாவது வருஷம் நவம்பரில் பயிற்சி முகாமின் கடைசி நாள், நோரீன் மாடியில் கர்ட்டின் அறைக்குப் போய் அந்தப் பருவத்துக்கு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தாள். ஒரு மணி நேரம் கழித்து அதே அறைக்கு ட்ரேவரைக் கூப்பிட்டார்கள். தோளில் பட்ட அடி சரியாகவில்லை, வேகம் குறைந்துவிட்டது, சின்னப் பையன்கள் வந்துவிட்டார்கள் என்று சொல்லி அணியிலிருந்து எடுத்துவிட்டார்கள். கர்ட் அதை அவளிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்பதுதான் முறை. ஆனால் ட்ரேவர் அதை நம்பவில்லை.

அன்று சாயங்காலம் அவன் பையைக் கட்டும்போது, எனக்கு ஒன்றும் தெரியாது என்று அவள் மூன்று முறை சொன்னாள். மைக்கை விட்டுவிடு என்று அவன் கேட்டிருந்தால் அந்த நிமிஷமே விட்டிருப்பாள். அவன் கேட்பான் என்று காத்திருந்தாள். அவன் கேட்கவில்லை.

“உங்க ‘நாங்க’வுல நான் இல்லம்மா,” என்றான். “அவ்ளோதான்.”

ஊரே ஆயிரம் முறை சொல்லிச் சிரித்த சொல்தான். அவன் ஒருமுறை சொன்னது அவளுக்குத் தாங்கவில்லை. கதவு சாத்திய பிறகு அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள்.

கிச்னர் அணி அவனைச் சேர்த்துக்கொண்டது. அங்கேயே கட்டட வேலையும் பார்த்தான். காரில் போனால் ஒரு மணி நேரத் தூரம். கிறிஸ்துமஸுக்கு வரவில்லை, புதுவருஷத்துக்கு வரவில்லை, எங்கள் வழிபாட்டுக் கூடமான நீள்வீட்டில் ஊரே கூடிய ஜனவரிச் சடங்குகளுக்கும் வரவில்லை. அவள் அனுப்பும் செய்திகளுக்கு ‘சரி’ என்று ஒரு சொல் வரும். அந்த ஒரு சொல் வந்த நாளிலெல்லாம் அவள் தூங்கினாள்.

தண்ணீர் லாரி அலுவலகத்தில் இருப்பவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். ஒரு வீட்டில் எத்தனை பேர் என்பது தொட்டி காலியாகும் வேகத்திலேயே சொல்லிவிடும். பேறுகாலத்துக்கு மகள் வந்திருக்கிறாள், மருமகன் கோபித்துக்கொண்டு போய்விட்டான், எல்லாம் அந்த ஆர்டர் தாளில் இருக்கும். நோரீன் வீட்டுத் தொட்டி மூன்று வாரத்துக்கு ஒருமுறை காலியாகும். பயிற்சி முடிந்து வந்து ட்ரேவர் அரை மணி நேரம் குளிப்பான், அவள் கத்துவாள். இப்போது மூன்று மாதமாகியும் தொட்டி காலியாகவில்லை. அவளே தன் வீட்டு மூடியைத் திறந்து பார்த்துவிட்டுச் சாத்துவாள். கத்துவதற்குக்கூட ஆளில்லை.

ஏப்ரலில் பருவத்தின் கடைசி ஆட்டம் சொந்த அரங்கில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை, மதியம் இரண்டு மணி. நீரெலிகள் வென்றால் இறுதிச்சுற்று, தோற்றால் வீடு. எதிரணி, கிச்னர்.

அரங்குக்கு ஒரு விதி இருந்தது. கர்ட் அதை முதல் வருஷமே எழுதிக் கொடுத்திருந்தார். நம் கோலுக்கு மோஹாக், எவ்வளவு சத்தமாக வேண்டுமானாலும். எதிரணிக் கோலுக்கு இங்கிலீஷ், எண்ணும் பெயரும் மட்டும், வானிலை அறிக்கை வாசிக்கிற குரலில். அந்த வாரம் முழுக்க நோரீன் அந்த இங்கிலீஷ் வரியைத்தான் பழகினாள். கிச்னர் கோல், எண் நாற்பத்தொன்று, ஹென்ஹாக். காரில் சொன்னாள், தொட்டி மூடியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். பத்து முறையில் எட்டு முறை குரல் நடுங்கவில்லை. நடுங்கிய அந்த இரண்டுக்காக ஒரு பயம்; நடுங்காத எட்டுக்காக இன்னொன்று. மைக் போய்விடும் என்பதைவிட, அம்மாவின் குரலில் ஒன்றுமே இல்லாமல் தன் பெயரைக் கேட்டால் அவன் இனி வரவே மாட்டான் என்கிற பயம்தான் பெரியது.

கிச்னர் ஆட்டக்காரர்கள் கம்பளத்தில் ஓடி வந்தபோது நாற்பத்தொன்றுக்கு மட்டும் தனியாக ஊளை கிளம்பியது. எல்ராயும் சேர்ந்துகொண்டார். “ஏலேய் நாப்பத்தொண்ணு, கிச்னர்ல சோளச் சூப் கிடைக்குதா? இல்ல, டப்பாவுல வாங்கிக் குடிக்கிறியா?” என்று கத்தினார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ட்ரேவர் திரும்பிப் பார்க்கவில்லை.

அறிவிப்பாளர் மேசை இரண்டு அணிகளின் தண்டனைக் கூண்டுகளுக்கும் நடுவில் இருக்கும். தப்பு செய்கிற ஆட்டக்காரன் கூண்டுக்குள் வந்து இரண்டு நிமிஷம் உட்கார வேண்டும். இரண்டாம் பகுதியில் ட்ரேவர் ஒருவன் கையில் கழியால் அடித்துவிட்டு உள்ளே வந்தான். நோரீன் அவன் பெயரையும் குற்றத்தையும் இங்கிலீஷில் வாசித்தாள்; நடுங்கவில்லை. பிறகு மைக்கை அணைத்தாள். இருவருக்கும் நடுவில் ஒரு கண்ணாடி, அதன் ஓரத்தில் விரல் நுழைகிற இடுக்கு. ஐந்து மாதத்தில் கன்னம் ஒட்டிப்போயிருந்தான். தாடியை மழிக்கத் தெரியாமல் மழித்து வைத்திருந்தான். அவள் கடிகாரத்தைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டு நிமிஷம் அவ்வளவு சின்னதாக அவளுக்கு என்றைக்கும் இருந்ததில்லை. பத்து விநாடி மிச்சம் இருக்கும்போது அவன் எதிரில் இருந்த சுவரைப் பார்த்தபடி சொன்னான்.

“தோள் இப்ப பரவால்ல.”

அவள் தலையாட்டினாள். அவன் பார்ப்பதற்குள் கதவு திறந்துவிட்டது, ஓடிப்போனான்.

கடைசிப் பகுதியில் நான்கு நிமிஷம் மிச்சம் இருந்தபோது பத்துக்குப் பத்து. கிச்னரின் பந்து. வலைக்கு வலப்பக்கம் ட்ரேவர் பந்தை வாங்கினான். நம் தடுப்பாட்டக்காரர்கள் இருவர் அவனைச் சுவரோடு சேர்த்து நசுக்கப் போனார்கள். அவன் ஒருவனின் கைக்குக் கீழே குனிந்து, அடிபட்ட அந்தத் தோளாலேயே இன்னொருவனை முட்டித் திறந்துகொண்டு, வலைக்குக் குறுக்கே பாய்ந்தான். கால் தரையில் இல்லை, உடம்பு படுத்த வாக்கில், கழி மட்டும் முன்னால். கோல்காவலன் மேலே எதிர்பார்த்தான். பந்து கீழே போனது.

இரண்டாயிரத்தைந்நூறு பேர் இருந்த அரங்கில் ஒரு சத்தமும் இல்லை. கிச்னர்க்காரர்கள் பத்துப் பேர் மட்டும் கட்டிக்கொண்டு குதித்தார்கள்.

நோரீன் மைக்கை அழுத்தினாள். இங்கிலீஷ் வரி தாளில் எழுதி முன்னால் இருந்தது. வாயைத் திறந்தாள். வந்தது மோஹாக்.

“போட்டான்,” என்றாள். “நம்ம பிள்ளை போட்டான். நாப்பத்தொண்ணு. ட்ரேவர் ஹென்ஹாக்.”

எங்க பிள்ளை என்று சொல்லியிருந்தால் அது ஒரு தாயின் பெருமை. ஊரை விட்டுவிட்டு, எதிரணியில் போய் நின்றுகொண்டு பீற்றிக்கொள்வது. அவள் சொன்னது நம்ம பிள்ளை. ஊளையிட்டவர்களும் அதற்குள் இருந்தார்கள். அவனை எடுத்துவிட்ட கர்ட்டும் இருந்தார். மொழி தெரிந்தவர்களுக்கு அது உடனே சுரீரென்று பட்டது. தெரியாதவர்கள் பக்கத்தில் கேட்டார்கள். அந்தப் பழைய சிரிப்பு போலவே இதுவும் வரிசை வரிசையாக அரங்கைச் சுற்றியது, ஆனால் யாரும் சிரிக்கவில்லை. சுற்றி வந்து முன்வரிசையில் நின்றது. இலக்கணம் என்று வந்தால் அந்த நாற்காலிதான் நீதிமன்றம்.

எல்ராய் கைத்தடியை ஊன்றிக்கொண்டு எழுந்தார். எழுவதற்கே நேரமாயிற்று. நோரீன் மைக்கை இறுகப் பிடித்துக்கொண்டு அவரைப் பார்த்தாள்.

“மூணு வருஷமாச்சு,” என்று அவர் மோஹாக்கில், எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். “இன்னைக்குத்தான்டி இலக்கணம் சரியா வந்திருக்கு.”

சொல்லிவிட்டுக் கைத்தடியால் முன்னால் இருந்த பலகைச் சுவரை ஒரு தட்டுத் தட்டினார். பக்கத்தில் இருந்தவர் கையால் தட்டினார். பிறகு அந்த வரிசை தட்டியது. எல்லோரும் தட்டினார்கள் என்று சொன்னால் பொய். மேல்வரிசையில் சிலர் விசிலடித்துத் திட்டினார்கள். ஒருவர் பானக் குவளையை விட்டெறிந்தார். ஆனாலும் பலகைச் சுவர் நன்றாகவே அதிர்ந்தது. களத்தில் ட்ரேவர் தலைக்கவசத்தைக் கழற்றாமல் மேசைப் பக்கம் திரும்பி நின்றான். கம்பிகளுக்குப் பின்னால் முகம் எப்படி இருந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. பயிற்சியாளர் கத்திக் கூப்பிட்ட பிறகுதான் நகர்ந்தான்.

மிச்சம் இருந்த நான்கு நிமிஷத்தில் நீரெலிகள் இரண்டு முறை கம்பத்தில் அடித்தார்கள். உள்ளே போகவில்லை. பதினொன்றுக்குப் பத்து. பருவம் முடிந்தது. பெரியவர்களே கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நோரீனுக்கும் துக்கமாகத்தான் இருந்தது. அது அவள் அணி, அதில் சந்தேகம் வேண்டாம்.

கூட்டம் கலைந்த பிறகு கர்ட் மார்ட்டின் மேசைக்கு வந்து கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். விதி தெரியும்தானே என்று கேட்டார். தெரியும் என்றாள். லீக்கிலிருந்து கடிதம் வரும் என்றார். வரட்டும் என்றாள். அடுத்த வருஷம் மைக் யார் கையில் என்று தன்னால் இப்போது சொல்ல முடியாது என்றார். அவள் மைக்கின் வயரைச் சுருட்டி மேசைமேல் வைத்தாள். மூன்று வருஷமாக எதை இழந்துவிடுவோமோ என்று பயந்தாளோ, அது அங்கே கிடந்தது. இப்போது பயம் வரவில்லை. கர்ட், ட்ரேவரின் தோள் நன்றாகத்தான் இருக்கிறது, தான் அவசரப்பட்டுவிட்டதாகத் தோன்றுகிறது என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

வெளியே வெயில் இருந்தது. கார்கள் நிற்கும் இடத்தில் பனி உருகிச் சேறாகிக் கிடந்தது. அவளுடைய பழைய பிக்கப் வண்டியின் பின்பக்கத்தில் சாய்ந்துகொண்டு ட்ரேவர் நின்றான். தலைமுடி வியர்வையில் ஒட்டியிருந்தது, பை காலடியில். கிச்னர் அணியின் பேருந்து தூரத்தில் ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தது. அவன் அதைப் பார்க்கவில்லை.

அவள் எதிரில் போய் நின்றாள். எல்ராய் சேற்றில் கைத்தடியை ஊன்றி ஊன்றி அவர்களைக் கடந்து போனார், ஒரு வார்த்தைகூடப் பேசாமல். அவர் வாழ்நாளில் அதுவே பெரிய தியாகமாக இருக்கும்.

கடைசியில் ட்ரேவர் வாயைத் திறந்தான். மோஹாக்கில், ஒவ்வொரு துண்டாகத் தேடி எடுத்து ஒட்டிக்கொண்டு பேசினான். அடுப்படியில் அவளைக் கலைப்பதற்காகக் கற்றுக்கொண்ட மோஹாக்.

“நாங்க வீட்டுக்குப் போலாமா?”

நோரீன் அவனைப் பார்த்தாள். அவன் விளையாடவில்லை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, சரியாகச் சொல்லிவிட்டோமா என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

“நாங்க இல்லடா,” என்றாள். “நாம.”

“நாம,” என்றான். 

“மறுபடி சொல்லு.”

“நாம வீட்டுக்குப் போலாம்.” பையை எடுத்து வண்டியின் பின்னால் போட்டான். பிறகு இங்கிலீஷுக்கு மாறி, “தொட்டில தண்ணி இருக்காம்மா? குளிக்கணும்,” என்றான்.

நிறைய இருக்கிறது என்று அவள் சொன்னாள். வழியில் நான்காம் லைன் திருப்பத்தில் சோளச் சூப்பும் வறுத்த ரொட்டியும் வாங்கிக்கொண்டார்கள். கடைக்காரப் பெண் ட்ரேவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, எங்கள் பருவத்தைக் கெடுத்தவனுக்கு ரொட்டி கிடையாது என்றாள். சொல்லிக்கொண்டே ஒன்று அதிகமாக வைத்தாள். வீட்டுக்கு வந்ததும் அவன் நாற்பது நிமிஷம் குளித்தான். நோரீன் குளியலறைக் கதவைத் தட்டி, தண்ணீர் என்ன உன் அப்பன் வீட்டு ஆறா என்று வயிறார ஒரு மூச்சுக் கத்தித் தீர்த்தாள்.

கிச்னர் இறுதிச்சுற்றின் முதல் ஆட்டத்திலேயே தோற்றது. ட்ரேவர் வார நாட்களில் அங்கே வேலைக்குப் போனான்; வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஊருக்கு வந்தால் திங்கட்கிழமை காலைதான் திரும்பினான். மைக் விஷயமாக இன்னும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. எல்ராய் மட்டும் தண்ணீருக்குப் போன் பண்ணும்போது, எதிரணிக் கோலை மோஹாக்கில் எப்படிச் சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் ஒரு புது வாக்கியம் சொல்லித் தந்தார்; அதில் பாதி மைக்கில் சொல்ல முடியாதது.

மே மாதக் கடைசியில் ஒரு திங்கட்கிழமை காலை, அலுவலகத்தைத் திறந்ததும் நோரீன் அன்றைய ஆர்டர் தாளை எடுத்து முதல் வரியில் எழுதினாள்: ஹென்ஹாக் வீடு, நாலாம் லைன், தொட்டி காலி. லாரி ஓட்டுகிறவன் தாளை வாங்கிப் பார்த்தான். அந்த வரியை இன்னொரு முறை பார்த்தான். சாவியை எடுத்துக்கொண்டு போய் முதல் நடையை அங்கேயே ஓட்டினான்.